ஒரு பூடில் ஆகாது, இன்னொரு பூடில் ஆகும்

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நாய் வாங்கித் தரக் கோரி எனக்கு ஒரு மனு எழுதினாள். நானே குளிப்பாட்டுவேன், நானே நடக்கக் கூட்டிப் போவேன், சொல்வதற்கு முன்பே படிக்க உட்காருவேன் என்று வழக்கமான வாக்குறுதிகள். கடைசி வரியில்தான் விஷயம் இருந்தது: "அப்பாவுக்குத் தும்மல் வராத நாயும் இருக்கிறதாம். நெட்டில் பார்த்துவிட்டேன்."

அவள் பார்த்த பட்டியலை நான் அதற்குப் பல வருடங்கள் முன்பே பார்த்தவன். பூடில், பிஷான் ஃப்ரீஸே, மால்டீஸ், ஷ்னாவுசர், ஷி சூ, போர்ச்சுகீசிய வாட்டர் டாக். எங்கே தேடினாலும் இதே பெயர்கள், வரிசை மட்டும் மாறும். தலைப்பில் 'ஹைப்போஅலர்ஜெனிக்', அதாவது ஒவ்வாமையை அவ்வளவாகத் தூண்டாதது, என்ற ஒரு சொல் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும். நாய் இருக்கும் வீட்டுக்குள் நான் போனால் பத்து நிமிடத்தில் கண் அரிக்கும், அரை மணியில் மூக்கு ஒழுகும், ஒரு மணி நேரம் தாண்டினால் நெஞ்சு இறுக ஆரம்பிக்கும். அதனால் நண்பர்கள் வீட்டில் வாசலிலேயே நின்று பேசிவிட்டுத் திரும்புகிற ஆள் நான். அந்த வாசலிலும் நாயைத் தடவாமல் திரும்பியதில்லை என்பது வேறு விஷயம். நாய் என்றால் எனக்கு அவ்வளவு ஆசை. என் மூக்குக்குத்தான் அது புரியவில்லை.

சரி, பட்டியல் இருக்கிறது, மகளும் கேட்கிறாள், ஒரு தடவை முயன்று பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம்.

முதலில் பார்க்கப் போனது பூடில் குட்டிகளை. வளர்ப்பவர் நல்ல பேச்சுக்காரர். "ஒரு முடிகூட உதிராது சார். அலர்ஜி இருக்கிறவங்க எத்தனையோ பேர் என்கிட்ட வாங்கிட்டுப் போயிருக்காங்க" என்றார். உதிராது என்று அவர் சொன்னது கிட்டத்தட்ட உண்மைதான். தாய் நாயை மடியில் வைத்துத் தடவினேன், கறுப்புப் பேன்ட்டில் ஒரு இழைகூட இல்லை. இருபதாவது நிமிடம் முதல் தும்மல். திரும்பும் வழியில் இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. அன்றிரவு இன்ஹேலரைக் கையில் பிடித்தபடி சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினேன். "முடி உதிரவில்லை. நீங்கள்தான் உதிர்ந்துவிட்டீர்கள்" என்றாள் மனைவி.

முடி உதிராத நாய் என்னை ஏன் இப்படிப் படுத்தியது என்று அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், நாற்பது வயது வரை எனக்கு நாய் முடிதான் ஆகாது என்றே நினைத்திருந்தேன். முடிக்கு இதில் வண்டியின் வேலைதான். ஏறி வருகிற பயணி வேறு.

நாயின் எச்சிலிலும், தோலிலிருந்து உதிரும் கண்ணுக்குத் தெரியாத செதில்களிலும், சிறுநீரிலும் சில புரதங்கள் இருக்கின்றன. ஒவ்வாமைக்காரரின் உடல் சண்டை போடுவது அவற்றோடுதான். அறிவியலாளர்கள் அவற்றுக்கு வரிசை எண் கொடுத்திருக்கிறார்கள். கேன் எஃப் 1 என்பது முக்கியமானது. நாய் ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலோரைத் தொந்தரவு செய்வது அதுதான். அதன் கூட்டாளிகள் கேன் எஃப் 2, 3, 4, 5, 6 என்று நீளும். நாய் தன் உடம்பை நக்கும்போது எச்சில் ரோமத்தில் படிந்து காய்கிறது, பொடியாகிறது, காற்றில் ஏறுகிறது. இந்தப் பொடியில் ஒரு பகுதி மிக நுண்ணியது. கீழே படியாமல் நெடுநேரம் மிதக்கும், துணியில் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றும். நாயே வளர்க்காத வீடுகளிலும், பள்ளி வகுப்பறைகளிலும்கூட இது கிடைக்கிறது. எல்லா நாய்க்கும் தோல் உண்டு, எச்சில் உண்டு. ஆகவே எல்லா நாயிடமும் இந்தப் புரதங்களில் பெரும்பாலானவை உண்டு. மெக்சிகோவின் ஷோலோ, சைனீஸ் கிரெஸ்டட் போன்ற ரோமமே இல்லாத வழுக்கை நாய்களுக்கும் இதில் விலக்கு கிடையாது.

அப்படியானால் அந்தப் பட்டியல்? அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2011-இல் அமெரிக்காவில், டெட்ராய்ட் ஆராய்ச்சியாளர்கள் ஒரே ஒரு நாய் மட்டும் இருந்த 173 வீடுகளில் தரைத் தூசியைச் சேகரித்து கேன் எஃப் 1 எவ்வளவு என்று அளந்தார்கள். மொத்தம் 60 இனங்கள். அவற்றில் 11 இனங்கள் 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்று பெயர் வாங்கியவை. இரண்டு வகை வீடுகளுக்கும் இடையே சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசமே இல்லை. மறு வருடம், 2012-இல், நெதர்லாந்தில் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. வீட்டுத் தூசியோடு நாயின் ரோமத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். பட்டியல் நாய்களின் ரோமத்தில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிட அதிகமாகவே இருந்தது! லாப்ரடாரும் பூடிலும் கலந்த லாப்ரடூடில் இருந்த வீடுகளில் மட்டும் தரைத் தூசியில் அளவு கொஞ்சம் குறைவு. ஆனால் நாம் மூச்சில் இழுப்பது காற்றைத்தானே. காற்றில் மிதந்த தூசியில் வித்தியாசம் இல்லை.

அதிகமாக இருந்ததற்கு என்ன காரணம் என்று எனக்கு நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். உதிராத சுருட்டை ரோமம் செதிலையும் காய்ந்த எச்சிலையும் கீழே விடாமல் வலைபோல் பிடித்து வைத்துக்கொள்கிறது. வீடு சுத்தமாகத் தெரியும், நாய்தான் களஞ்சியம். அந்தத் தாய் பூடிலை இருபது நிமிடம் மடியில் வைத்திருந்த நான், களஞ்சியத்துக்குள்ளேயே மூக்கை விட்டிருக்கிறேன்.

இந்த இடத்தில் லாப்ரடூடிலின் கதையைச் சொல்லியாக வேண்டும். விளம்பரங்களில் அதன் முதல் பாதி மட்டும்தான் வரும்.

1980-களின் கடைசி. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் நிறுவனத்தில் வாலி கான்ரன் என்பவர் நாய்ப் பெருக்கப் பிரிவைக் கவனித்துவந்தார். ஹவாயிலிருந்து பார்வையற்ற பெண்மணி ஒருவர் எழுதுகிறார்: எனக்கு வழிகாட்டும் நாய் வேண்டும், ஆனால் என் கணவருக்கு நாய் ஒவ்வாமை. கான்ரன் முதலில் பெரிய வகைப் பூடில்களைப் பழக்கிப் பார்த்தார். ஒன்றல்ல இரண்டல்ல, 33. வழிகாட்டும் வேலைக்கு ஒன்றும் தேறவில்லை. பிறகு ஒரு பூடிலையும் ஒரு லாப்ரடாரையும் சேர்த்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. மூன்றின் ரோமத்தையும் எச்சிலையும் எடுத்து ஹவாய்க்கு அனுப்பினார். அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒரே ஒரு குட்டி. சுல்தான் என்று பெயர். அதுதான் ஹவாய்க்குப் போனது.

லாப்ரடூடில் என்றால் அலர்ஜி வராது என்று சொல்பவர்கள் இந்தக் கதையைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். கதையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே ஈற்று. அதில் இரண்டு ஆகவில்லை, ஒன்று ஆயிற்று. கான்ரன் கண்டுபிடித்துக் கொடுத்தது ஒரு இனத்தை என்று எனக்குத் தோன்றவில்லை. குறிப்பிட்ட ஒரு மனிதருக்கு ஒத்துப்போன குறிப்பிட்ட ஒரு நாயை, அந்த மனிதரின் உடம்பையே வைத்துச் சோதித்துத் தேர்ந்தெடுத்தார். அவ்வளவுதான். பிற்பாடு அந்தப் பெயரை வைத்துக் கண்டபடி கலந்து விற்பதைப் பார்த்து நொந்துபோன அவர், தன் வாழ்க்கையிலேயே வருந்துகிற காரியம் இதுதான் என்று 2019-இல் ஒரு பேட்டியில் சொன்னார்.

கலப்புக் குட்டிகளின் ரோமம் ஏன் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை என்பதற்கும் விடை இருக்கிறது. நாய்களின் ரோம வகைகளில் பெரும்பாலானவற்றைத் தீர்மானிப்பவை மூன்றே மரபணுக்கள் என்று 2009-இல் கண்டறிந்தார்கள். நீளத்துக்கு ஒன்று, சுருட்டைக்கு ஒன்று, மீசையும் அடர்ந்த புருவமும் வளர்வதற்கு ஒன்று. எந்தக் குட்டிக்கு எது போய்ச் சேரும் என்பது சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுகிற மாதிரி. 'டூடில்' என்று பெயர் முடிவதாலேயே பூடிலின் ரோமம் வந்துவிடாது.

ஒபாமா வீட்டுக் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூத்த மகள் மாலியாவுக்கு ஒவ்வாமை என்பதால் 2009-இல் போ என்ற போர்ச்சுகீசிய வாட்டர் டாக் வெள்ளை மாளிகைக்கு வந்தது. 2013-இல் அதே இனத்தில் சன்னி என்ற இன்னொன்றும் சேர்ந்தது. அந்தப் பெண்ணுக்கு அந்த நாய்கள் ஒத்துக்கொண்டன என்றால் சந்தோஷம். என் மூக்குக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

இவ்வளவையும் படித்த பிறகுதான் செய்திருக்க வேண்டிய முதல் வேலையைச் செய்தேன். ஒவ்வாமை மருத்துவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே என்னை மடக்கியது: "நாய்தான் காரணம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" நாய் இருக்கும் வீட்டில் கம்பளமும் மெத்தை நாற்காலியும் இருக்கும், அவற்றில் தூசிப் பூச்சி இருக்கும், நாய் தோட்டத்தில் புரண்டு மகரந்தத்தைச் சுமந்து வரும், பழி நாய்மேல் விழும். இப்படியும் நடக்குமாம். தோல் குத்துப் பரிசோதனைக்கு நாள் குறித்தார். அதற்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வாமையை அடக்கும் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையை நிறுத்தச் சொன்னார், இல்லையென்றால் தோல் பொய் சொல்லும் என்றார். முன்கையில் வரிசையாகச் சொட்டுகள், ஒவ்வொன்றின் வழியாகவும் ஒரு மெல்லிய குத்து. கால் மணி நேரத்தில் இரண்டு இடம் தடித்துச் சிவந்தது. ஒன்று தூசிப் பூச்சி, ஒன்று நாய். பூனைக்கு ஒன்றுமில்லை. அன்றைக்கு மனைவி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பூனைக்குட்டி தெரிந்தது. மகள் மனுவைத் திருத்த மறுத்துவிட்டாள்.

பிறகு ரத்தப் பரிசோதனை, எந்தப் புரதம் என்று பிரித்துப் பார்க்கும் வகை. நாய் வேண்டும் என்று ஆசைப்படும் ஒவ்வாமைக்காரர்கள் பலருக்கு இப்படி ஒரு பரிசோதனை இருப்பதே தெரிவதில்லை. காரணம், கேன் எஃப் 5. இது ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியில் உண்டாகி சிறுநீர் வழியாக வெளியே வருவது. பெட்டை நாயிடம் கிடையாது. நாய் ஒவ்வாமை உள்ளவர்களில் கணிசமான பேருக்கு இந்த ஒரு புரதம் மட்டும்தான் ஆகாது. அப்படிப்பட்டவர் எந்த இனத்துப் பெட்டை நாயோடும் நிம்மதியாக இருக்க வாய்ப்புண்டு. விதை நீக்கிய ஆண் நாய்கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்ளும். யோசித்துப் பாருங்கள், இந்த ஆட்கள் இனம் இனமாகத் தேடி அலைந்து, கடைசியில் 'அலர்ஜி வராத' ஆண் பூடிலை வாங்கிக்கொண்டு போய்த் தும்முவார்கள்!

எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கேன் எஃப் 1-தான். மருத்துவர் நேராகவே சொன்னார்: "இளைப்பு வருகிற ஆளுக்கு நாய் வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. மீறி வளர்ப்பதென்றால், அந்தக் குறிப்பிட்ட நாயோடு பலமுறை பழகிப் பாருங்கள். இரவில் மூச்சு இழுத்தால் அத்தோடு விட்டுவிடுங்கள்." ஆகாத பொருளையே சிறிது சிறிதாக ஏற்றி உடம்பைப் பழக்கும், மூன்று முதல் ஐந்து வருடம் வரை நீளும் ஊசிச் சிகிச்சை பற்றியும் பேசினார், நாய் ஒவ்வாமையில் அதன் பலன் ஆளுக்கு ஆள் மாறும் என்றார். அதை இப்போதைக்கு ஒத்திப்போட்டேன்.

அப்புறம் ஆரம்பித்தது துண்டுப் படலம். கான்ரனின் வழியைத்தான் கொஞ்சம் மாற்றினோம். நாயைப் பார்க்கப் போவதற்கு முன்பே ஒரு பழைய துண்டைக் கொடுத்துவிடுவோம். அந்த நாய் இரண்டு மூன்று நாள் அதன்மேல் படுத்துப் புரண்டபின், பையில் போட்டுக் கட்டி வாங்கி வருவோம். அதை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காருவேன், மனைவி பக்கத்தில் மாத்திரையும் இன்ஹேலருமாக. (மருத்துவரிடம் சொல்லி, அவர் தலையாட்டிய பிறகு செய்தது இது. இளைப்பு கடுமையாக உள்ளவர்கள் இந்த வேலையே வேண்டாம்.) துண்டில் தேறிய நாயை மட்டும் நேரில் போய்ப் பார்ப்போம். அதுவும் ஒரு தடவையோடு முடியாது. தடவிய கையை முன்கையில் தேய்த்துத் தடிக்கிறதா என்று பார்ப்போம், நக்க விடுவோம், அடுத்த வாரம் மறுபடி போய் இரண்டு மணி நேரம் இருப்போம். முதல் நாள் ஆசையில் மூக்கு அடங்கிக் கிடக்கும், மூன்றாவது சந்திப்பில்தான் குணத்தைக் காட்டும். எனக்கு அப்படித்தான் நடந்தது.

ஒரு ஷ்னாவுசர் துண்டிலேயே தோற்றது. ஒரு பிஷான் ஃப்ரீஸே இரண்டு சந்திப்பு வரை தாக்குப்பிடித்தது. மகள் அதற்குப் பெயரே வைத்துவிட்டாள். மூன்றாவது சந்திப்பில் என் கழுத்தெல்லாம் தடித்தது. அன்று வீடு திரும்பும்வரை யாரும் பேசவில்லை. பெயர் வைக்கக்கூடாது என்று அதற்குப் பிறகு ஒரு சட்டம் போட்டோம்.

குட்டி வேண்டாம், வளர்ந்த நாய்தான் என்று முடிவு செய்ததும் அந்தச் சமயத்தில்தான். குட்டியை அரை மணி நேரம் மடியில் வைத்திருப்பதைக் கொண்டு, வளர்ந்து பெரிதான பிறகு அதோடு பத்துப் பன்னிரண்டு வருடம் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. வளர்ந்த நாயிடம் பார்ப்பதுதான் கிடைப்பது. தவிர, ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆறு மாதம் கழித்துக் குட்டியைத் திருப்பிக் கொடுப்பது இருக்கிறதே, அது நாய்க்குச் செய்கிற பெரிய அநியாயம். காப்பகங்களுக்கு வந்து சேரும் நாய்களில் இப்படிப்பட்டவையும் உண்டு. 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்ற சொல்லை நம்பி வாங்கியவர்கள் கொண்டுவந்து விட்டவை. அந்தச் சொல்லை அவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவது தும்மலுக்காக அல்ல, இதற்காக.

நாங்கள் ஒன்றரை வருடம் தேடினோம். கடைசியில் எங்களுக்குக் கிடைத்தது, சிரிக்காதீர்கள், ஒரு பூடில். நான்கு வயதுப் பெட்டை, சின்ன வகை, சாம்பல் நிறம். வளர்த்தவர்கள் வீட்டை மாற்றிக்கொண்டு தூரமாகப் போகிறார்கள், நல்ல இடம் பார்த்துக் கொடுக்க விரும்பினார்கள். துண்டு வந்தது. அரை மணி நேரம் ஒன்றுமில்லை. நாய் படாத துண்டைத் தவறுதலாகக் கொடுத்துவிட்டார்களா என்றுகூடச் சந்தேகப்பட்டேன். நேரில் போனோம், மூன்று தடவை, நான்கு தடவை. ஐந்தாவது தடவை மூக்கு லேசாக அரித்தது. அவ்வளவுதான். முதல் பூடில் என்னை உட்கார்ந்தே தூங்க வைத்தது. இந்தப் பூடிலோடு ஒரு மாதம் சோதனைக்கு இருந்து பார்த்துவிட்டு வைத்துக்கொண்டோம். பழையவர்களும் அந்த ஒரு மாதத்துக்கு ஒப்புக்கொண்டது எங்கள் பாக்கியம்.

இனம் என்பதற்கு அர்த்தமே இல்லை என்று சொல்லவில்லை. ரோமம் உதிராத இனம் என்றால் புரதத்தைச் சுமக்கும் வண்டிகள் வீடு முழுக்க ஓடாது, பெருக்குவது சுலபம். சின்ன நாய் என்றால் தோலும் குறைவு, எச்சிலும் குறைவு. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ஹஸ்கி போன்ற இரட்டை அடுக்கு ரோமக்காரர்கள் பருவத்துக்குப் பருவம் கொட்டித் தீர்ப்பார்கள். அந்தக் கூளத்தோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. ஆனால் உதிராத ரோமம் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை கத்தரிக்க வேண்டும், அன்றாடம் சீவ வேண்டும், இல்லையென்றால் சிக்குப் பிடித்துத் தோலை இழுக்கும். சீவும்போதுதான் களஞ்சியம் திறக்கும். அந்த வேலை ஒவ்வாமை இல்லாத ஆளுடையது, வீட்டுக்கு வெளியே வைத்துச் செய்வது. மகள் மனுவில் கொடுத்த வாக்குறுதிகளில் இதுவரை மீறாதது இது ஒன்றுதான்.

குளியல் வாரத்துக்கு இரண்டு முறை. குளிப்பாட்டினால் புரதம் குறைவது உண்மை, ஆனால் சில நாளில் பழைய அளவுக்கு ஏறிவிடும், அதனால் வாரம் இரண்டு தடவையாவது வேண்டும் என்று 1999-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. எங்கள் நாய்க்குக் குளியல் பிடிக்காது. அந்த ஆய்வை யாராவது அதற்குப் படித்துக் காட்டினால் தேவலை. கம்பளத்தை எடுத்துவிட்டோம். மெத்தைக்கும் தலையணைக்கும் உறை போட்டோம், அது தூசிப் பூச்சிக்காகவும் சேர்த்து. ஹெப்பா வடிகட்டி வைத்த காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்று என் தலைமாட்டில் இரவெல்லாம் முனகுகிறது. 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் வடிகட்டி அது. காற்றில் இருப்பதைப் பிடிக்கும். மெத்தையில் நாய் ஏறிப் புரண்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. நாயைத் தொட்ட கையால் கண்ணைத் தொடுவதில்லை, உடனே கழுவிவிடுவேன். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே தினமும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் ஊதச் சொல்லி நுரையீரலைப் பார்க்கிறார். இதுவரை மோசமாகவில்லை. ஆனால் இழுக்க ஆரம்பித்தால் என்ன செய்வது என்பதை முதல் நாளே பேசி வைத்திருக்கிறோம். மனைவியின் தங்கை வீட்டில் அதற்கு ஓர் இடம் இருக்கிறது, நாய்க்கும் அவளைத் தெரியும்.

படுக்கையறைக்குள் மட்டும் அனுமதி இல்லை. வந்த முதல் வாரத்திலேயே அதைப் பழக்கிவிட்டோம். இரவு விளக்கை அணைத்ததும் அது வந்து கதவுக்கு வெளியே, நிலைப்படியை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். நண்பர்கள் வீட்டு வாசலில் இத்தனை வருடம் நான் நின்ற மாதிரி. நேற்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தேன், முன்னங்கால்கள் இரண்டும் படிக்கு அந்தப் பக்கம் ஒழுங்காக இருந்தன, மூக்கு மட்டும் இரண்டு விரற்கடை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. பார்க்காத மாதிரி தாண்டிப் போனேன்.